மிஷின் உன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு, அண்ணி ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நீயும் தங்கச்சியும் பிள்ளைகள் இரண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சின்னவனுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா, பெரியவளுக்குக் கண்ணாடி பழகிவிட்டதா, தங்கச்சிக்குக் குதிகால் வலி எப்படி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. இங்கே நானும் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதத்தை ஆரம்பிக்கக் கூடாது என்று ஐந்தாம் வகுப்பில் டீச்சர் சொல்லிக் கொடுத்தார். அதோடு என் படிப்பு நின்றுபோனதால் வேறு மாதிரி ஆரம்பிக்க எனக்குத் தெரியாது. பிழை இருந்தால் பிள்ளைகள் முன்னால் வாசித்துக் காட்டிச் சிரிக்காதே. இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும். காகிதம் என்றால் நீ கடைசி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். இன்னும் இரண்டு மூன்று நாளில் காகித ஆலையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி உனக்குப் போன் செய்வார். உன் அண்ணன் வைத்திருந்த, காற்றுப் பார்க்கிற மிஷின் எங்கே என்று கேட்பார். உன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிடு. அண்ணன் ஞாபகமாக எடுத்து வந்தேன், எந்தப் பெட்டியில் வைத்தேன் என்று தெரியவில்லை, தேடி அனுப்புகிறேன் என்று இழுத்துக்கொண்டே போ. நீ பொய் சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட ஜன்னலை உடைத்துவிட்டு நீயே நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய் ஒப்புக்கொண்டு அடி வாங்கி வந்த பிள்ளைதானே. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன், சொல்லிப் பழக உனக்கும் இரண்டு நாள் வேண்டுமல்லவா. மிஷின் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில், மேஜை மேல் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு தரம் பச்சை விளக்கு மின்னி 'பிக்' என்கிறது. தான் விழித்திருப்பதாக அது நமக்குச் சொல்கிற விதம் அது.

நீ எங்களோடு இருந்து படித்த காலத்தில் இந்த மிஷின் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் உன் அண்ணன் வெறும் காகிதத் துண்டுதான் வைத்திருந்தார். ஏதோ மருந்தில் நனைத்துக் காயவைத்த வெள்ளைக் காகிதம். அதை ஈரமாக்கிக் கயிற்றில் கட்டி, காகிதக் கூழ் தேங்கிக் கிடக்கிற கூழ்க்குழிக்குள் இறக்குவார். பழுப்பாகி மேலே வந்தால் அன்று யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டு வந்தபோது என் அப்பா, "மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டதற்கு உங்கள் பெரிய மாமா, "ஆலையில காத்துப் பார்க்கிறார்" என்றாராம். என் அப்பா உள்ளே வந்து அம்மாவிடம், "சம்பளம் கொடுத்து சும்மா நிக்க வைக்கிறாங்க போல, நல்ல இடம்தான்" என்றார். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் முடிவானது.

காகிதத்துக்குப் பிறகு கண்ணாடிக் குழல் வந்தது, அது உனக்கு ஞாபகம் இருக்கும். சிகரெட்டை விட மெலிசு. இரண்டு முனையையும் ஒடித்துவிட்டு, கைக்குள் அடங்குகிற ரப்பர் பம்பில் செருகி, அமுக்கி அமுக்கிக் காற்றை இழுப்பார். உள்ளே இருக்கிற வெள்ளைப் பொடி எத்தனை கோடு வரைக்கும் நிறம் மாறுகிறதோ அத்தனை கெடுதல். நீ அந்தப் பம்பைத் திருடிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பூனை மேல் தண்ணீர் பீய்ச்சினாய், பூனை எங்கள் சோற்றுப் பானைக்குள் விழுந்தது, அதை நான் இன்று வரை அவரிடம் சொல்லவில்லை. நாம் மூன்று பேரும் அந்தச் சந்து வீட்டுக்குக் குடிபோன முதல் நாள், சமையலறையில் என்னவோ வாடை வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். வேறு யாராக இருந்தாலும் பழைய வீடு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குழலை எடுத்து ஒடித்தார். சமையலறை நடுவில் நின்று பத்துத் தடவை அமுக்கினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, வெள்ளையாவே இருக்கு. இந்த வீட்ல நீ தாராளமா மூச்சு விடலாம்" என்றார். தம்பி, ஒரே அறையில் ஏழு பேர் படுத்த வீட்டிலிருந்து வந்தவள் நான். அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

நீ வேலைக்குப் போன பிறகு தோளில் மாட்டுகிற பெட்டி கொடுத்தார்கள், ரேடியோ மாதிரி. தெருவில் நடந்து வந்தால் கடைக்காரர், "என்னங்க, என்ன பாட்டு ஓடுது?" என்பார். "ஒண்ணும் ஓடல, அதான் நல்லது" என்று இவர் சொல்லிவிட்டு வருவார். இருபது வருஷம் ஒருவர் அதையே கேட்க, ஒருவர் அதையே சொல்ல, இரண்டு பேருக்கும் ஒருநாள்கூட அலுக்கவில்லை. கடைசியாக வந்ததுதான் இந்த மஞ்சள் மிஷின். சோப்புக் கட்டி அளவு. சட்டையில் கவ்விக்கொண்டு நிற்கும். திரையில் நான்கு எண். அதில் ஒன்று இருபது புள்ளி ஒன்பது என்று இருக்க வேண்டும், அது நாம் மூச்சு விடுகிற காற்று. மற்ற மூன்றும் விஷக்காற்று, தீப்பற்றுகிற ஆவி மாதிரியான கெடுதல்கள், அவை பூஜ்யமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் படிப்பு, ஐந்தாம் வகுப்பே அதிகம் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். ஆலையில் அவசரம் என்றால் எந்த நேரத்திலும் வீட்டிலிருந்தே நேராக ஓட வேண்டும் என்பதால் அவருக்கு மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துவர அனுமதி. நான் கோபமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதை என் கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்ப்பார். "எண்ணெல்லாம் சரியாத்தானே இருக்கு, பின்னே இது என்ன கோளாறு?" என்பார். மிஷினைத் தூக்கி வெளியே எறிவேன் என்பேன். "எறியறதுன்னா ஜன்னலைத் திறந்துட்டு எறி, காத்தாவது வரும்" என்பார்.

அன்று காலையில் நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை. ஷூ மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கால் ஷூ போட்டாகிவிட்டது. வலது காலுக்கு நாடாவைப் பிடித்தபடி அப்படியே குனிந்திருக்கிறார். நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "நேரமாகலையா, இன்னும் என்ன குனிஞ்சுக்கிட்டு?" என்று கேட்டேன். கிட்டே போய்த் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். அவர் நெஞ்சில் மிஷின் இருக்கிறது. இருபது புள்ளி ஒன்பது, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை நிறைய நல்ல காற்று இருக்கிறது என்று அது நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர்தான் எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை பேருக்கு, இறங்கு, இறங்காதே என்று சொன்ன மனுஷன், தனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பிறகு எல்லாரும் வந்தார்கள், நீயும் வந்தாய். மிஷினை நான் கழற்றி என் புடவை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. நீ டாக்டர் சர்டிபிகேட் வாங்கப் போயிருந்த நேரத்தில் ஒரு கூத்து நடந்தது, தங்கச்சி உன்னிடம் சொன்னாளோ என்னவோ. உங்கள் பெரிய மாமா வந்தார். அவர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று அத்தை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் என் முன்னால் உட்கார்ந்து, குனிந்து, பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார். மிஷின் சிவப்பாக மின்னி, என் இடுப்பு நடுங்குகிற மாதிரி அலறியது. கூடம் நிறைய ஆட்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாமா பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார், அது நின்றது. ஆறுதல் சொல்ல மறுபடி கிட்டே வந்து "அம்மா" என்றார், மறுபடி அலறியது. அத்தை எழுந்து வந்து மிஷினைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள். "நீங்க வெளியே வாங்க கொஞ்சம்" என்றார்கள். அந்த மாதிரி மெதுவாக அத்தை பேசி நான் கேட்டதே இல்லை. இதைப் பார்க்க உன் அண்ணன் இல்லையே என்று நினைத்துத்தான் அன்றைக்கு முதல்முதலாக வாய்விட்டு அழுதேன். எல்லாரும் மாமா பேசிய ஆறுதலில் நான் உருகிவிட்டதாக நினைத்தார்கள்.

நீங்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் அந்த 'பிக்' மட்டும்தான் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அது ஒரு தரம் சொல்லும். யாரோ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கும். அவர் செய்த மாதிரியே தினமும் சார்ஜ் போட்டேன். ஈரத் துணியால் துடைத்தேன். மாடிப்படி கூட்டப் போனாலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை விவகாரம் வந்தது. அதைப் பற்றி யார் யாரோ உனக்குப் போன் செய்து சொன்னார்கள். நீ என்ன கேள்விப்பட்டாயோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன்.

காலை பத்து மணி. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அழகு நிலையம் வைத்திருக்கிற பெண், நகச்சாயம் அழிக்கிற மருந்துப் பாட்டிலைப் படியில் போட்டு உடைத்திருக்கிறாள். துடைக்கத் துணி எடுக்க மேலே போயிருக்கிறாள். எனக்கு இது எதுவும் தெரியாது. நான் கீழிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், குனிகிறேன், கழுத்தில் தொங்குகிற மிஷின் படியைத் தொடுகிற உயரத்துக்கு வருகிறது, அலறுகிறது. இப்படி அலறினால் என்ன செய்ய வேண்டும் என்று உன் அண்ணன் நம் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி, உனக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கும். என்ன ஏது என்று ஆராயக் கூடாது. சுவிட்சைத் தொடக் கூடாது. அழைப்பு மணி அடிக்கக் கூடாது, தீப்பொறி வரும். எல்லாரையும் வெளியே கொண்டுபோ, காற்று வருகிற பக்கம் நிறுத்து, தலையை எண்ணு. நான் விளக்குமாற்றுக் கட்டையால் ஒவ்வொரு கதவாக இடித்தேன். இரண்டாம் மாடி வாத்தியார் முகத்தில் பாதி சோப்போடு வந்தார். முதல் மாடி அம்மா, தலையில் மருதாணி பூசி அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழே கடை வைத்திருக்கிற தையல்காரர், ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தவர், டேப்பின் ஒரு முனை அந்த ஆள் இடுப்பிலும் மறுமுனை தன் கையிலுமாக வெளியே வந்தார்.

காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எதிர் நடைபாதைக்குப் போங்கள் என்றேன். போனார்கள். இரண்டு நிமிடத்தில் காற்று திரும்பிவிட்டது. திரும்ப இந்தப் பக்கம் வாருங்கள் என்றேன். வந்தார்கள். மறுபடி திரும்பியது. பேருந்து ஒன்று நடுத்தெருவில் நின்றுவிட்டது. "ஏம்மா, ஒரு முடிவுக்கு வாங்க, இவங்க எந்தப் பக்கம் போறாங்க?" என்று டிரைவர் கேட்டார். "காத்தைக் கேளுங்க" என்று வாத்தியார் சொன்னார்.

பிறகு தலையை எண்ணினேன். வீடுவாரியாகக் கணக்குப் போட்டால் பத்தொன்பது பேர் இருக்க வேண்டும். தெருவில் என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர்தான் இருந்தோம். தையல்காரரிடம் அளவு கொடுத்தவரை வெளியாள் என்று முன்பே கழித்துவிட்டேன். மறுபடி எண்ணினேன், பதினெட்டு. "ஒரு ஆள் உள்ளே இருக்காங்க" என்றேன். அவ்வளவுதான். அழகு நிலையப் பெண் அழ ஆரம்பித்தாள். வாத்தியார் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். ஒவ்வொரு வீடாகப் பார்த்து, மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டது கீழே வரைக்கும் கேட்டது. நான் கீழிருந்து, "வாத்தியாரே, காத்துப் பார்க்காம தொட்டிக்குள்ள தலையை விடாதீங்க" என்று கத்துகிறேன். தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டாகிவிட்டது. அப்போது தையல்காரர், நிதானமான மனுஷன், என் பக்கத்தில் வந்து, "அம்மா, பதறாதீங்க. நானும் சொல்றேன், நீங்களும் சொல்லுங்க, சரி பார்ப்போம்" என்றார். "மூணாம் மாடில நாலு பேர்." ஆமாம். "வாத்தியார் வீட்ல மூணு பேர்." ஆமாம். இப்படியே ஒவ்வொரு கதவாக வந்தார். "உங்க வீட்ல?"

"ரெண்டு பேர்" என்றேன்.

தையல்காரர் கையிலிருந்த டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை, அவர் சுருட்டுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு புரிந்தது. தெருவில் எல்லாரும் நிற்கிறார்கள், ஒருத்தர்கூட சிரிக்கவில்லை. மருதாணி அம்மா தலையிலிருந்த பையோடு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். தோளில் பச்சையாகக் கறை விழுந்தது, இன்னும் போகவில்லை. நீ வேலைக்குப் போன நாளிலிருந்து ரெண்டு என்றே சொன்ன வாய், தம்பி. சட்டென்று மாறுமா.

அந்த வாரம்தான் கட்டடத்து ஆட்கள் கூடிப் பேசி, வாத்தியார் உனக்குப் போன் செய்தார். அவர் நல்லதுக்குத்தான் செய்தார். நீயும் நல்லதுக்குத்தான், "அண்ணி, அந்த மிஷினை ஆலையில கொடுத்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க" என்றாய். நான் சரி சரி என்றேன். மறுநாளே பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டார். அவருக்கு ஆலையில் தொப்பிக்காரர் என்று பேர். பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றவே மாட்டார். என் வீட்டில் தண்ணீர் குடித்தபோதும் கழற்றவில்லை. "எங்க வீட்ல மேலேருந்து எதுவும் விழாது சார்" என்றேன். "பழக்கமாயிடுச்சும்மா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "காத்துக்காரர் மிஷின் ஒண்ணு உங்ககிட்ட இருக்கணுமே" என்றார். மிஷின் அப்போது சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. அது 'பிக்' என்னும்போதெல்லாம் நான் இருமினேன். நிமிடத்துக்கு ஒரு தரம் கணக்காக இருமினேன். "உடம்பைப் பார்த்துக்குங்கம்மா, கடிகாரம் மாதிரி இருமறீங்க" என்றார். மிஷின் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படித் தொலைத்தார் என்று உன் அண்ணன் பேரில் பழி வருமே என்று தோன்றியது. அதனால் உன் பேரில் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். உன் போன் நம்பரைக் கேட்டார். கடைசி எண்ணை மாற்றிச் சொன்னேன். அது யாரோ ஒரு பல் டாக்டருடைய நம்பராம். தொப்பிக்காரர் எடுத்த எடுப்பில், "மிஷினை எப்ப சார் திருப்பித் தருவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த டாக்டர் அப்போதுதான் எங்கேயோ தவணையில் மிஷின் வாங்கியிருக்கிறார் போல. "இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டாயம் சார்" என்று கெஞ்சியிருக்கிறார். இரண்டு வாரம் இரண்டு பேரும் பேசி, எப்படியோ குட்டு உடைந்து, அவர் மறுபடி வந்து கேட்டபோது உன்னுடைய சரியான நம்பரைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மிஷினுக்கு அவ்வப்போது தீனி போட வேண்டும். ஆலையில் ஒரு சின்ன சிலிண்டரில் கொஞ்சமே கொஞ்சம் கெட்ட காற்று வைத்திருப்பார்கள். அதைக் காட்டினால் மிஷின் சரியான எண்ணைச் சொல்கிறதா என்று தெரியும். காட்டாமல் விட்டால் குறித்த தேதியில் அது பூட்டிக்கொள்ளும். எண்ணைக் காட்டாது. திரையில் இப்போதே 'இன்னும் பதினாறு நாள்' என்று வருகிறது. சிலிண்டருக்கு நான் எங்கே போவது. அழுகின முட்டை வாடையும் கூழ்க்குழி வாடையும் ஒன்றுதான் என்று உன் அண்ணன் சொல்வாரே என்று, நான்கு முட்டையை உடைத்து ஒரு டப்பாவில் ஊற்றி மூடி, பால்கனி வெயிலில் எட்டு நாள் வைத்தேன். ஒன்பதாம் நாள் திறந்தேன். மிஷின் 'மூன்று' என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. கட்டடம் சும்மா இருக்கவில்லை. இந்தத் தடவை யாரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர்களாகவே இறங்கித் தெருவுக்குப் போய், அவர்களாகவே முந்தானையைத் தூக்கிக் காற்றுப் பார்த்து, சரியான பக்கத்தில் நின்றுகொண்டார்கள். தையல்காரர் எண்ணிவிட்டு, மேலே பால்கனியில் நின்ற என்னைப் பார்த்து, "உங்களையும் சேர்த்துப் பதினெட்டு, சரியா இருக்கும்மா" என்றார்.

ஆகவே தம்பி, அந்தப் பதினாறு நாள் வரைக்குமாவது நீ தாக்குப்பிடித்தால் போதும். அது தானாகப் பூட்டிக்கொண்டால் பிறகு நானே கொடுத்துவிடுகிறேன். அது வாயைத் திறந்திருக்கிற வரைக்கும் என்னால் கொடுக்க முடியாது. இதற்குப் பதிலாக நீ கேட்டதை நான் செய்கிறேன். அடுத்த மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடமே வந்துவிடுகிறேன். தங்கச்சியிடம் சொல்லி அந்தப் பக்கத்து அறையைத் தயார் பண்ணி வை. எனக்குக் கட்டில் வேண்டாம், பாய் போதும். ஜன்னல் மட்டும் இருக்க வேண்டும். உனக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் நிறைய ஆயுசோடு இருக்க வேண்டும். பெரியவளைக் குனிந்து படிக்க வேண்டாம் என்று சொல். சின்னவனுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அண்ணி.

பி.கு. இதை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டியில் போடச் செருப்பு மாட்டும்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். அதனால் உறையைக் கிழித்து மறுபடி எழுதுகிறேன். உன் அண்ணன் இடத்துக்குக் கொதிகலன் பக்கத்திலிருந்து ஒருவரை மாற்றியிருக்கிறார்கள், அவர்தான் வந்தது. நாற்பது வயது இருக்கும். உள்ளே வரக் கூச்சப்பட்டு நிலைப்படியிலேயே நின்றார். "அம்மா, மூணாம் நம்பர் குழில ஒரு மூலையை அண்ணன் மட்டும் ரெண்டு தடவை பார்ப்பாராமே. எந்த மூலைன்னு ஆலையில யாருக்கும் தெரியல. நாளைக்கு ஆள் இறக்கணும். உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாரோன்னு வந்தேன்" என்றார். எனக்குத் தெரியாதா. எத்தனை வருஷம் சோற்றோடு சேர்த்து அந்தக் குழியையும் எனக்கு ஊட்டியிருக்கிறார். "ஏணிக்கு எதிர்ப்பக்க மூலை. அங்க கூழ் கட்டிப்போய்க் கிடக்கும், அதுக்குள்ள காத்து ஒளிஞ்சிருக்கும். நீளக் கழியால கிளறி விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் பாருங்க" என்றேன். அவர் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார். "உங்க மிஷின் சரியா இருக்கா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "ஒண்ணுதாம்மா கணக்குல நிக்குது. இறங்குறவனுக்கு அதைக் கொடுத்துடுவேன்" என்றார். "குழி வாயில நீங்கதானே குனிஞ்சுக்கிட்டு நிப்பீங்க. உங்களுக்கு?" "எனக்கென்னம்மா, மூக்கு இருக்கே" என்று சிரித்தார்.

அந்தக் காற்று முதல் மூச்சில் நாறும், இரண்டாம் மூச்சில் நாறாது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிறவன்தான் விழுவான், மூக்குதான் முதலில் சாகும் என்று உன் அண்ணன் சொல்வார். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், அப்போது மேஜை மேலிருந்து 'பிக்' என்றது. நான் இரும மறந்துவிட்டேன். அவருக்குக் கேட்டது. அந்தத் தொழில் செய்கிறவருக்கு அது என்ன சத்தம் என்று தெரியாமல் இருக்குமா. அவர் தரையைப் பார்த்தார். "வரேம்மா" என்று திரும்பினார். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், தம்பி. அவர் கேட்காமல் படியிறங்கினார். இரண்டாவது படியில் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். சார்ஜ் போடுகிற வயரையும் கொடுத்தேன். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சிலிண்டர் காட்டிவிட்டுத்தான் குழிப் பக்கம் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடு. பொய் எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் நீ ஊரிலிருந்து தபாலில் அனுப்பி வைத்ததாகத் தொப்பிக்காரரிடம் சொல்லும்படி அந்த ஆளிடம் சொல்லிவிட்டேன், வேறு வழி தோன்றவில்லை. இரண்டு மாதம் வைத்துக்கொண்டு ஏன் இழுத்தடித்தாய் என்று அவர் உனக்குப் போன் போட்டுத் திட்டுவார். ஐந்து நிமிடத்துக்கு மேல் திட்ட மாட்டார், குறுக்கே பேசாமல் வாங்கிக்கொள். அடுத்த மாதம் வருவதாக எழுதியதையும் அடித்துவிடு. ஆலையில் இன்னும் ஏழு குழி இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளச் சனிக்கிழமைதோறும் வருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மிஷின் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. கூடத்து மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. எத்தனை நாளாகப் போடுகிறதோ, இப்போதுதான் என் காதில் விழுகிறது. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எல்லாருமாக வாருங்கள். நீ ஏறி அதை என்னவென்று பார். ஸ்டூலை நான் பிடித்துக்கொள்கிறேன்.